பெயரும் எண்ணும்: கம்பம் பள்ளத்தாக்கில் பறவைக் கணக்கின் வரலாறு

தோற்றுவாய்

தேனி மாவட்டத்துச் சின்னமனூர், ஆவணத்தின் அருமையை உலகுக்கு உணர்த்திய ஊர். அங்குக் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள், மதுரையில் சங்கம் நிறுவப்பட்டதையும் பாரதம் தமிழில் ஆக்கப்பெற்றதையும் குறிப்பிடுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எவரோ ஒருவர் செம்பில் அவற்றை வெட்டி வைத்திராவிடில், அச்செய்திக்கு இத்தகைய வலிய சான்று கிடைத்திராது. எழுதி வைத்தது வரலாறு ஆகிறது; எழுதாதது காலப்போக்கில் மறைகிறது. இவ்வுண்மை அரசர்க்கும் அவர்தம் கொடைக்கும் மட்டும் உரியதன்று. வானில் பறக்கும் புள்ளினங்களுக்கும் பொருந்துவதாகும்.

பறவைகளின் பெயர்களைப் பதிவு செய்ததில் தமிழ்க் கவிஞர்களுக்கு ஈடாகச் சொல்லத்தக்கோர் மிகச் சிலரே. நாரையும் அன்றிலும் குருகும் மயிலும் இன்றிச் சங்கப் பாடல்களை எண்ணிப் பார்க்க இயலாது. அப்பாடல்களில் வரும் பறவைகளை இன்றைய பறவையியலோடு பொருத்திப் பார்த்து, பி. எல். சாமி எழுதிய 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' என்னும் நூல் 1976-இல் வெளிவந்தது. பழம்புலவரின் கூர்நோக்கு எத்துணை நுட்பமானது என்பதற்கு அந்நூல் சான்று. பிற்காலத்துச் சத்திமுத்தப் புலவர் தம் மனையாளுக்குத் தூதனுப்ப நாரையைத் தேர்ந்தபொழுது, அது தென்குமரியிலிருந்து வடதிசை நோக்கிச் செல்லும் வலசைப் பறவை என்பதை அறிந்தே பாடினார்.

ஆயினும் ஒரு வினாவுக்கு இப்பெருஞ்செல்வம் விடை தராது. அந்நாளில் எத்தனை நாரைகள் வந்தன? செங்கால் நாரை இன்று தமிழகத்தில் அரிதாகவே தென்படுகிறது. நூற்றுக்கணக்கில் வந்தது குறைந்ததா, முன்பும் சிலவே வந்தனவா என்று கேட்டால் சொல்வார் இல்லை. பெயர் இருக்கிறது, எண் இல்லை. அவ்வெண்ணைத் தேடித் தொடங்கியதே தன்னார்வப் பறவைக் கணக்கெடுப்பு. கம்பம் பள்ளத்தாக்கும் அதைச் சூழ்ந்த மலைகளும் இவ்வரலாற்றில் ஒரு தனி இடம் பெற்றவை.

மலையேறிய பாதிரியார்

மேற்கே ஏலமலை, தெற்கிலும் கிழக்கிலும் மேகமலையும் வருசநாட்டு மலையும், வடக்கே பழனி மலைத்தொடர் என மலை சூழ்ந்த நிலம் இது. முல்லையாறும் சுருளியாறும் இதனூடே ஓடி வையையோடு கலக்கின்றன. மலையுச்சிச் சோலைக்காடும் அடிவாரத்துப் புன்செய்யும் சில கல் தொலைவுக்குள் அடுத்தடுத்து அமைந்திருப்பதால், பறவையினங்களின் வகைமை இங்கு மிகுதி.

மோட்டார்ச் சாலை அமைவதற்கு முன் கோடைக்கானல் செல்வோர் பெரியகுளத்தை அடுத்த அடிவாரத்திலிருந்தே குதிரையிலும் டோலியிலும் மலையேறினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழனி மலையின் பறவைகளை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் சாமுவேல் ஃபேர்பேங்க் என்னும் அமெரிக்கப் பாதிரியார். பறவையியல் அவருக்குத் தொழிலன்று. ஓய்வு நேரத்து ஈடுபாடு. அவர் திரட்டியவற்றைக் கொண்டு பிளான்ஃபோர்டு என்னும் அறிஞர் அறிவியலுக்குப் புதியனவான பறவைகளை விவரித்தார். பழனி மலைச் சிரிப்பான் 1869-இல் ஃபேர்பேங்கின் பெயரையே தாங்கி அறிவியல் ஏட்டில் ஏறியது. பழனி மலையிலும் அதன் அடிவாரத்திலும் கண்ட பறவைகளைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை 1877-இல் 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' என்னும் இதழில் வெளிவந்தது.

அவ்விதழை நடத்தியவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். காங்கிரசுப் பேரியக்கம் 1885-இல் தோன்றக் காரணமாயிருந்தவராகத் தமிழர் அவரை அறிவர். இந்தியப் பறவையியலின் தந்தை எனப் போற்றப்படுபவரும் அவரே. நாடெங்கும் இருந்த அலுவலர், பாதிரியார், தோட்டக்காரர் ஆகியோரிடமிருந்து கடிதங்களையும் குறிப்புகளையும் பெற்று அவர் அமைத்த தொடர்பு, தன்னார்வலர் வலை என்று கூறத்தக்கது. அவருக்கு நேர்ந்த இழப்பும் இவ்வரலாற்றில் மறக்கத்தக்கதன்று. இந்தியப் பறவைகளைப் பற்றிய பெருநூலுக்கென அவர் பல்லாண்டுகள் எழுதித் திரட்டிய கையெழுத்துப் படிகளை, அவர் சிம்லாவில் இல்லாத வேளையில் பணியாள் ஒருவர் பழைய தாள் விலைக்கு விற்றுவிட்டார். மனமுடைந்த ஹியூம், எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட பறவை உடல்களைக் கொண்ட தம் தொகுப்பை லண்டன் அருங்காட்சியகத்துக்கு அளித்துவிட்டு அத்துறையினின்று விலகினார். பார்த்தவர் ஒருவரிடமே தங்கிவிடும் பதிவு எத்துணை எளிதில் அழியும் என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை.

குமுளி முதல் மேகமலை வரை

பள்ளத்தாக்கின் தலைவாயிலான குமுளியில் 1933-ஆம் ஆண்டில் அறிஞர் சலீம் அலி முகாமிட்டார். திருவிதாங்கூர், கொச்சி அரசுகளின் ஆதரவோடு அவர் நடத்திய பறவை ஆய்வு மறையூரில் தொடங்கி மூணாறு, குமுளி எனத் தொடர்ந்தது. அதன் விளைவுகள் முதலில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் தொடராகவும், 1953-இல் தனி நூலாகவும் வெளிவந்தன. எந்த இடத்தில், எந்த நாளில், எந்த உயரத்தில் எப்பறவை காணப்பட்டது என்பதை அவர் குறித்து வைத்திருந்ததால், எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2009-இல், கேரளப் பறவையியலார் அதே தடத்தைப் பின்பற்றி மீண்டும் ஆய்வு நிகழ்த்த முடிந்தது.

மலையின் இப்பக்கத்தில், அந்நாளைய மதுரை மாவட்டத்துப் பறவைகளைப் பற்றி இ. ஜி. நிக்கல்ஸ் எழுதிய தொடர், அதே கழகத்தின் இதழில் 1943 முதல் 1945 வரை வெளிவந்தது. தேனி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997-இன் தொடக்கத்தில் ஆதலின், இன்றைய தேனியின் பழைய பறவைச் செய்திகளைத் தேடுவோர் மதுரையின் பெயரில்தான் தேட வேண்டும்.

அதன்பின் 1948-இல் நிகழ்ந்தது ஒரு வியப்பு. ஹைவேவிஸ் எனப்படும் மேகமலைத் தேயிலைத் தோட்டத்தில் பணிபுரிந்த ஆங்கஸ் ஹட்டன் என்னும் இயற்கை ஆர்வலர் பழந்தின்னி வௌவால் ஒன்றைச் சேகரித்தார். அது எங்கும் காணப்படும் சாதாரண இனம் என்று கருதப்பட்டு, பம்பாய்க் கழகத்தின் தொகுப்பில் பல்லாண்டு கிடந்தது. பின்னர் அதைக் கண்ணுற்ற தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா, அது அறிவியல் அறியாத புதிய இனம் எனக் கண்டு, 1972-இல் சலீம் அலியின் பெயரை அதற்குச் சூட்டினார். பறவையறிஞர் ஒருவரின் பெயரை வௌவால் ஒன்று தாங்கி நிற்பது இவ்வாறுதான்.

வௌவால் பறவையன்று, எனினும் அது தரும் பாடம் பறவைக் கணக்குக்கும் உரியது. பார்த்தவர் தாம் பார்த்ததன் முழுப்பொருளை அறிந்திருக்க வேண்டுவதில்லை. இடமும் நாளும் பிழையின்றி எழுதிப் பொது இடத்தில் சேர்த்து வைத்தால் போதும். கால் நூற்றாண்டு கழித்து வேறொருவர் அதனைப் படிப்பார்.

ஆயினும் ஃபேர்பேங்க் முதல் நிக்கல்ஸ் வரை அனைவரும் எழுதியவற்றில் ஒரு குறை பொதுவாக உண்டு. எவ்வெப் பறவை இருந்தது என்று அவை கூறும். 'மிகுதி', 'அரிது' என்னும் சொற்களால் அளவைச் சுட்டும். மிகுதி என்பது பத்தா, பத்தாயிரமா என்று அறிய இயலாது. அந்நாளைய முறை அவ்வளவே.

துப்பாக்கியினின்று ஏட்டுக்கு

எண்ணும் வழக்கம் தொடங்கிய கதை சுவையானது. அமெரிக்காவில் கிறித்துமசு நாளன்று இரு அணியாகப் பிரிந்து, கண்ணிற்பட்ட பறவைகளையும் விலங்குகளையும் சுட்டு வீழ்த்தி, எவ்வணி மிகுதியாகக் கொன்றது என்று பார்க்கும் விளையாட்டு இருந்தது. 1900-ஆம் ஆண்டில் ஃபிராங்க் சாப்மன் என்னும் பறவையியலார், அந்நாளில் கொல்வதற்கு மாறாக எண்ணுவோம் என்று அழைத்தார். முதல் ஆண்டில் இணைந்தோர் 27 பேர். இன்று பல்லாயிரவர் பங்குகொள்ளும் அக்கணக்கு நூற்றாண்டைக் கடந்தும் இடையறாது நடைபெறுகிறது.

நீர்ப்பறவைகளுக்கான பன்னாட்டுக் கணக்கெடுப்பு 1967-இல் தொடங்கியது. இந்தியத் துணைக்கண்டத்தில் அது 1987-இல் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பாக வேரூன்றியது. சலீம் அலி மறைந்ததும் அவ்வாண்டிலேதான். ஒவ்வோர் ஆண்டும் சனவரி மாதத்தில் ஆர்வலர்கள் ஏரிகளையும் அணைகளையும் நாடிச் சென்று எண்ணி வந்தனர். அமெரிக்காவில் தோன்றிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில் 2013-இல் இந்தியரும் இணைந்தனர். தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் நாள்களையே கணக்கெடுப்புக்கு உரியனவாக்கினர். வலசைப் பறவைகள் வந்து தங்கியிருக்கும் காலமும், வெளியூர் சென்றோர் சொந்த ஊர் திரும்பும் காலமும், அறுவடைக் காலமும் ஒன்றுகூடும் அந்நாள்களைத் தேர்ந்தது மிகப் பொருத்தமானது. வேறொரு நாட்டின் விழாவையொட்டிப் பிறந்த வழக்கம், இவ்வாறு தைத்திங்களில் தமிழ் மண்ணுக்கு உரியதாயிற்று.

கணக்கெடுக்கும் முறை

முறை எளியது; ஒழுங்கு கடுமையானது. குறிப்பிட்ட ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்றோ நடந்தோ பார்க்க வேண்டும். கண்டவையும் குரல் கேட்டறிந்தவையுமான எல்லாப் பறவைகளையும், அவற்றின் எண்ணிக்கையையும், தொடங்கிய நேரத்தையும் எழுத வேண்டும். பெருங்கூட்டமாயின் பத்துப் பறவைகளை எண்ணி, அப்பரப்பை அளவாகக் கொண்டு முழுக்கூட்டத்தையும் மதிப்பிடுவர். ஐயமுள்ள பறவையை ஊகித்து எழுதலாகாது. இவ்வேடுகள் ஈ-பேர்டு என்னும் பொதுத் தரவுத்தளத்தில் சேர்க்கப்பெறுகின்றன.

இவற்றுள் 'எல்லாப் பறவைகளையும்' என்னும் விதியே உயிரானது. இருவாச்சியை மட்டும் எழுதிக் காக்கையை விடுத்த ஏடு, பார்த்தவரின் மகிழ்ச்சியைக் காட்டுமேயன்றிக் காட்டின் நிலையைக் காட்டாது. அனைத்தையும் எழுதிய ஏட்டில்தான், எழுதப்படாத பறவை அன்று அங்குத் தென்படவில்லை என்று பொருள்படும். நூறு ஏடுகளில் அறுபதில் இருந்த பறவை, பத்தாண்டு கழித்து முப்பதில் மட்டும் இருக்குமாயின், அது குறைந்து வருகிறது என்று கொள்ள இடமுண்டு. இல்லாமையைக் காணும் வழி இதுவே.

கம்பம் பள்ளத்தாக்கில் இம்முறைக்கு ஏற்ற களம் வயல்வெளியாகும். பென்னிகுயிக் கட்டி 1895-இல் பயன்பாட்டுக்கு வந்த முல்லைப் பெரியாற்று அணையின் நீரால், லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. நீர் நிற்கும் வயல் கொக்குக்கும் அரிவாள் மூக்கனுக்கும் நத்தைகுத்தி நாரைக்கும் ஏரியே போன்றது. வயல் திராட்சைத் தோட்டமாகவோ மனையிடமாகவோ மாறினால் நிலப்பதிவேட்டில் அம்மாற்றம் ஏறும். அங்கு இரைதேடிய பறவைகள் எத்தனை என்பது எப்பதிவேட்டிலும் ஏறாது. அதை எழுத வல்லவர் வரப்பில் நின்று எண்ணியவர் ஒருவரே. 1959-இல் திறக்கப்பெற்ற வையை அணையின் நீர்ப்பரப்புக்கும், ஊர்தோறும் உள்ள கண்மாய்களுக்கும் இது பொருந்தும்.

எண் ஆற்றிய பணி

எண்ணிக்கையால் விளைந்த பயன் யாது என்று கேட்போர்க்குப் பிணந்தின்னிக் கழுகின் வரலாறே விடையாகும். 1980-களில் இந்தியாவில் எண்ணுவதே வீண் என்று கருதுமளவுக்கு அவை மிகுந்திருந்தன. எனினும் பரத்பூர்ச் சரணாலயத்தில் அவற்றின் கூடுகளை எண்ணி வைத்தனர். முந்நூற்றைம்பதுக்கு மேலிருந்த கூடுகள் 1990-களின் இறுதியில் இருபது அளவாகச் சுருங்கியபொழுது, முன்னைய எண் இருந்ததால்தான் அழிவின் வேகம் வெளிப்பட்டது. கால்நடைகளுக்குத் தரப்பட்ட டைக்குளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்தே காரணம் என 2004-இல் நிறுவப்பட்டது. 2006-இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. மிகுதியாக இருக்கும்பொழுது எண்ணாதவர்க்கு, குறையும்பொழுது சான்று கிடையாது.

ஒரு சரணாலயத்தில் ஆய்வாளர் செய்ததை நாடு முழுவதற்கும் செய்ய ஊதியம் பெறும் ஆய்வாளர் எத்தனை பேர் இருப்பினும் போதாது. அவ்விடத்தைத் தன்னார்வலர் நிரப்பினர். 2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஆர்வலர் பதிவு செய்த மூன்று கோடிக் காட்சிகளை அடிப்படையாகக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. நெடுங்காலப் போக்கை அறியக் கூடிய 338 இனங்களுள் 204 குறைந்துள்ளன, 98 நிலையாக உள்ளன, 36 பெருகியுள்ளன. 178 இனங்கள் உடனடிக் கவனத்துக்கு உரியவையாக வகுக்கப்பட்டன.

குறைந்தவற்றுள் பனங்காடையும் ஒன்று. பள்ளத்தாக்கின் சாலையோர மின்கம்பியில் நீலச் சிறகோடு அமர்ந்திருக்கும் அப்பறவையை அரியது என்று எவரும் எண்ணியதில்லை. நாடு முழுதும் அதன் எண்ணிக்கை கணிசமாக வீழ்ந்திருப்பதால், உலகச் செம்பட்டியலில் அதன் இடத்தை மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என அவ்வறிக்கை பரிந்துரைத்தது. மறுபுறம் மயில் பெருகியுள்ளது என்பதையும் அதே கணக்குக் காட்டியது. விளைந்த பயிரை மயில் அழிக்கிறது என்று உழவர் முறையிடும்பொழுது அம்முறையீட்டை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. பறவையின் குறைவுக்கும் உழவரின் இழப்புக்கும் ஒருசேர நடுவுநிலையில் நின்று சான்று பகர்வது எண்ணே.

மலைக்கு அப்பால், இடுக்கி உள்ளிட்ட கேரளம் முழுவதும் ஆயிரத்துக்கு மேற்பட்ட தன்னார்வலர் 2015 முதல் 2020 வரை நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, மழைக்காலத்திலும் கோடையிலும் எண்ணி, மாநிலத்துக்கே பறவை வரைபடம் சமைத்தனர். அதில் பதிவான இனங்கள் 361.

தமிழகத்திலும் நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. திருப்பூர் நஞ்சராயன் குளத்தின் பறவைகளை அவ்வூர் ஆர்வலர்கள் பல்லாண்டு காலம் பதிவு செய்து வந்தனர். 2022-இல் அக்குளம் தமிழகத்தின் பதினேழாவது பறவைகள் சரணாலயமாயிற்று. 2024-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஓர் ஈரநிலத்தை அப்பட்டியலில் சேர்ப்பதற்குரிய அளவுகோல்களுள் ஒன்று, இருபதினாயிரம் நீர்ப்பறவைகளுக்கு அது தொடர்ந்து இடமளிப்பதாகும்; ஓரினத்தின் மொத்தத் தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கு அங்குத் தங்குவது மற்றொன்று. இவ்விரண்டையும் எண்ணாமல் நிறுவ இயலாது. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழகத்தில் அத்தகுதி பெற்ற இடங்கள் இருபது. அவற்றுள் தேனி மாவட்டத்துக்குரியது ஒன்றும் இல்லை.

குறைகளும் திருத்தமும்

தன்னார்வலர் கணக்கு குறையற்றதன்று. விடுமுறை நாளில் ஏடுகள் குவியும். வேலை நாளில் குறையும். அழகிய மலைக்குப் பலர் செல்வர். ஆண்டிபட்டியின் மானாவாரிக் காட்டுக்குச் செல்வோர் சிலரே. புதியவர் ஓரினத்தை மற்றோரினமாகக் கொள்வதும் உண்டு. இவற்றைத் திருத்தவே, ஐயத்துக்குரிய பதிவுகளை அனுபவமுடையோர் சரிபார்க்கின்றனர். மொத்த எண்ணைக் காட்டிலும், எத்தனை ஏடுகளில் ஓரினம் இடம்பெற்றது என்னும் விகிதத்தையே அறிஞர்கள் மிகுதியும் கொள்கின்றனர். ஆனால் ஏடே எழுதப்படாத ஊருக்கு எத்திருத்தமும் இல்லை.

மேகமலை 2009-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாக விரிவடைந்தது. அங்கு ஏறத்தாழ இருநூற்றைம்பது பறவையினங்கள் வாழ்வதை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். காப்பகத்துக்குள் வனத்துறையின் கண்காணிப்பு உண்டு. அடிவாரத்து வயலுக்கும் கண்மாய்க்கும் பனந்தோப்புக்கும் காவல் அதில் வாழ்வோர் கண்களே.

நிறைவுரை

நூற்றைம்பது ஆண்டுகளாக இம்மலைநாட்டுப் பறவைகளை எழுதியோருள் பலர் கடல்கடந்து வந்தவர், ஆங்கிலத்தில் எழுதியவர். அவர்தம் குறிப்புகள் பயன் மிக்கவை. ஆயினும் இம்மண்ணின் உழவரும் ஆயரும் மலைக்குடிகளும் பறவைகளுக்கு வழங்கிய பெயர்களும், அவை வந்த காலமும், நின்ற காலமும் பற்றிய அறிவு பெரும்பாலும் ஏடேறவில்லை. கணக்கெடுப்பில் தமிழ் அறிந்தோர் ஈடுபடும்பொழுது அப்பெயரும் எண்ணும் ஒருங்கே காக்கப்பெறும். ஊர்ப்பெரியவரிடம் பெயரைக் கேட்டறிவதும் கவிஞர்க்குரிய பணியே; எண்ணை எழுதி வைப்பது அதனோடு சேரத்தக்க சிறுபணி.

பறவை மறைந்த பின்னும் அதன் பெயர் பாட்டில் வாழும்; அதுவே போதும் என்று அமைதல் தகாது. பாடப்பெற்ற பறவையும் வாழ வேண்டும். தை மாதக் காலையில் ஒரு கண்மாய்க் கரையில் பதினைந்து நிமிடம் நின்று, கண்டவற்றை எல்லாம் எழுதி, ஆண்டுதோறும் அதே கரைக்கு மீள்வோர் ஊருக்கு ஒருவர் இருந்தால், இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து வருவோர் எத்தனை இருந்தன என்று கேட்கும்பொழுது இப்பள்ளத்தாக்கு விடையளிக்கும். அந்த ஏட்டில் செங்கால் நாரை இடம்பெறாமற் போகலாம். அதுவும் சத்திமுத்தப் புலவரின் காலத்தில் எவரும் எழுதி வைக்காத ஒரு செய்தியே.